கொண்டை ஊசி டொக்டரும் தனத்தின் காதும்

ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கொண்டை ஊசிகள் அத்தனையையும் ஒரே காலையில் பறிமுதல் செய்த முட்டாள் ஒருவன் திம்புள்ளப் பக்கம் இருந்தான் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கதை உண்மைதான். அந்த முட்டாள் எழுதியதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். வாந்திபேதி, மண்சரிவு என்று பெரிய கதைகளை எதிர்பார்த்திருப்பார்கள். அவை நடந்தபோது நான் மேலே இருந்தவர்கள் சொன்னதைச் செய்துகொண்டு ஓடினேன், அவ்வளவுதான். நானாக நின்று யோசித்து, பத்துப் பேர் முன்னால் மானம் போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தது ஒரு சின்னப் பிள்ளையின் காதுக் குறும்பி விஷயத்தில். சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இத்தனை வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக நான் சேர்ந்த புதிது. எனக்கு வயது குறைவு, வெள்ளைக் கோட்டு பெரிது, தொண்டை அதைவிடப் பெரிது. தொண்டையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘அடுத்த ஆள்’ என்று டிஸ்பென்சரிக்குள் இருந்து நான் கூப்பிட்டால், ஆற்றுக்கு அக்கரை மலையில் கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். விடியற்காலையில் ஆட்களை எழுப்பத் தப்படிக்கிறவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து முனையில் என்னை நிறுத்தினால் போதும் என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்வார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி கொண்டை ஊசிக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து இஸ்தோப்பில், அதுதான் வாசல் தாழ்வாரத்தில், ஒரு காட்சி நடக்கும். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை காயவைத்து, தாய்மார் வரிசையாக உட்கார்வார்கள். பிள்ளை மடியில் படுக்கும். முதலில் பேன். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவி, காது குடைதல். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய்க் கிடக்கும். வாரம் முழுக்கக் கொழுந்துக்குக் கொடுத்த கையை அந்த ஒரு பொழுதுதான் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். ஆகவே அது வெறும் சுத்தம் இல்லை, கொஞ்சல். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

ஒரு ஞாயிறு, நாய் துரத்திய கோழி ஒன்று ஒரு தாயின் முழங்கையில் வந்து மோதியது. ஊசி உள்ளே போய்விட்டது. காதில் ரத்தத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டொக்டர்தான் எனக்குத் தொழில் பழக்கியவர். பெயர் வேண்டாம், உயிரோடு இருந்திருந்தால் எழுதாதே என்றிருப்பார். பேச்சை ரேஷனில் வாங்குகிறவர் போல அளந்து பேசுவார். நல்ல வேளையாக உள் தோல்தான் கீறியிருந்தது, செவிப்பறைக்கு ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“வெளியில வர்றதைத் துடைக்கச் சொல்லு. உள்ள இருக்கிறதை விட்டுடச் சொல்லு. காது தன் வேலையத் தானே பாத்துக்கும்.”

மூன்று வாக்கியம். அவருக்கு அது பிரசங்கம். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். ‘சொல்லு’ என்றுதான் அவர் சொன்னார். என் காதில் அது ‘சட்டம் போடு’ என்று ஏறியது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்கள் வேலைக்கு அணிவகுத்து நிற்கும்போது, எனாமல் தட்டு ஒன்றோடு போய் நின்றேன். செவிப்பறை வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது என்று என் தொண்டையின் முழு பலத்தோடு விளக்கினேன். பிறகு, “எல்லாரும் கொண்டை ஊசியக் கழட்டி இதுல போடுங்க” என்றேன். பெரிய கங்காணி தலையாட்டினார். அவர் தலையில் முடியே கிடையாது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்து கொடுக்கிற கையைப் பகைத்துக்கொள்ள முடியாதே என்று ஒவ்வொருவராகக் கழற்றிப் போட்டார்கள். தட்டு நிறைந்தது. வெற்றியோடு டிஸ்பென்சரிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

கொழுந்துக் கூடை தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்குகிறது என்பதும், அதற்கு அடியில் முடி இறுக்கமாக முடிந்திருக்க வேண்டும் என்பதும் தேத்தண்ணி குடிக்கிறவன் யோசிக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கென்று காற்று. முடியெல்லாம் அவிழ்ந்து முகத்தில் விழ, ஒரு கையால் முடியை ஒதுக்கி, ஒரு கையால் கொழுந்து எடுத்து, அரை நாளில் கூடை பாதிகூட நிறையவில்லை. மலை பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை, மஞ்சுக்குள்ளே தலைவிரி கோலமாக ஒரு கூட்டம் நிற்பதைக் கண்டு குதிரையை நிறுத்திவிட்டார். எனக்கு ஆள் வந்தது.

“டிஸ்பென்சர், என் மலையில யாரு கொழுந்து எடுக்கிறது? பொம்பளையா, பேயா?”

அன்று பிற்பகலே ஊசிகளைத் திருப்பிக் கொடுத்தேன். எது யாருடையது என்று குறித்து வைக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இந்த வேலையே செய்திருக்க மாட்டேனே. இரும்பு ஊசி போட்டவர்களெல்லாம் பித்தளை ஊசி கேட்டார்கள். பித்தளை ஊசி போட்ட அஞ்சலைக்குக் கடைசியில் தட்டில் மிஞ்சியது வளைந்த இரும்பு ஊசி ஒன்று. அவளுடையது அவள் ஆத்தா திருச்சிப் பக்கமிருந்து வரும்போது கொண்டுவந்தது. அஞ்சலை அந்த இரும்பை என் மேசையிலேயே வைத்தாள்.

“இத நீங்களே சொருகிக்குங்க.”

அன்று முதல் சணல் கயிற்றால் முடியைக் கட்டிக்கொண்டு, நான் பார்க்கும்படியாக, டிஸ்பென்சரி வாசல் வழியாகவே வேலைக்குப் போனாள். ஹட்டன் கடையில் ஒரு பித்தளை ஊசி வாங்கிக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாள், வைத்துக்கொள்ளவில்லை. தோட்டம் எனக்குக் ‘கொண்டை ஊசி டொக்டர்’ என்று பட்டம் கட்டியது. அடுத்த ஞாயிறு இஸ்தோப்பில் போய்ப் பார்த்தேன். தங்கள் ஊசி கிடைத்தவர்கள் ஊசியால் குடைந்தார்கள். கிடைக்காதவர்கள் தீக்குச்சியாலும் கோழி இறகாலும் குடைந்தார்கள். கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் கை சும்மா இருக்காது, வேறொன்றைத் தேடும். என் முதல் பாடம் இதுதான், தம்பிமாரே. அதற்கு விலையாக ஒரு தோட்டமே சிரித்தது.

இந்த அஞ்சலைக்கு ஒரே பிள்ளை, தனம். ஐந்து வயது. புருஷன் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மின்சார வேலைக்குப் போய்விட்டான், எப்போதாவது வருவான். தனத்தை அந்த வருடம்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் வாத்தியார் அஞ்சலையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன், பிள்ளைகள் மேல் உயிர்.

“டிஸ்பென்சர், உந்தப் பிள்ளைக்குக் காது கேக்கேல்லை,” என்றார். “நான் பேர் கூப்பிட்டால் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிது. மற்றப் பிள்ளையள் எழும்பினால் தானும் எழும்புது. பாவம், சத்தம் போட்டுக் கத்தினால் மட்டும் திரும்பும். கொழும்பிலை காது கேளாத பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அங்கை இருந்து ஒரு அம்மா வாற கிழமை இஞ்சாலை வாறா. பிள்ளையைப் பாத்திட்டு, செவிடெண்டால் கையோடை கூட்டிக்கொண்டு போகச் சம்மதம். அதுக்கு முன்னம் நீர் ஒருக்கால் பாரும்.”

அஞ்சலை சுவரில் சாய்ந்து நின்றாள். முடியில் சணல்.

“எம்புள்ளையக் கொழும்புக்கு அனுப்பிட்டு நான் யாரு தலைக்கு எண்ண வைக்கிறது?” என்றாள். என்னிடம் இல்லை, சுவரிடம். பிறகு மெதுவாக, “எழுத்துப் படிக்கும்னா போகட்டும்,” என்றாள்.

டார்ச்சைத் தேடி எடுத்தேன்.

தனத்தைக் கிட்ட அழைத்தேன். காது மடலை மெல்ல இழுத்துப் பார்த்தேன், முகம் சுளிக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. காய்ச்சல் இல்லை. டார்ச் அடித்தேன். உள்ளே வழி தெரிய வேண்டிய இடத்தில் கதவு போட்டிருந்தது. பழம்புளி உருண்டை மாதிரி கறுத்து, இறுகி, வழியைக் கிட்டத்தட்ட முழுக்க அடைத்துக்கொண்டு. அடுத்த காதிலும் அதே கதவு.

“எப்பவாச்சும் காது ஒழுகியிருக்கா, அஞ்சலை? சீழு, தண்ணி ஏதாச்சும்?”

“இல்லையே.”

“வலின்னு அழுதிருக்கா?”

“இல்ல.”

“ஞாயித்துக்கெழம காது குடைவியா?”

“குடையாம? இரும்பாச்சும் குச்சியாச்சும் வச்சு ஒரு வாரம் விடாமக் குடைவேன். எம்புள்ள காது மாதிரி சுத்தமான காது இந்த லயத்துல கெடையாது.”

புரிந்தது. வெளியே தானாக வந்துகொண்டிருந்த குறும்பியை வாரா வாரம் அன்போடு உள்ளே தள்ளி, தட்டி, இறுக்கிவிட்டிருந்தாள். அந்தக் கதவை ஆசையாகக் கட்டியதே அவள்தான். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. அதனால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று யோசித்து விழுங்கினேன்.

“செவிடு இல்ல. அடைப்பு,” என்றேன். “அடைப்பு போனாக் கேக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

சொன்னதுதான் தாமதம், மருந்துக்குக் காத்திருந்த கூட்டமெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தது. “அப்ப எடுங்க.” “இப்பவே எடுங்க, டொக்டரையா.” “பீச்சாங்குழல் இருக்கே, ஒரே அடி.” அலமாரியில் பெரிய பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்று பளபளவென்று இருந்தது. வாத்தியாரும் அதைப் பார்த்தார். கொண்டை ஊசியால் போன மானம் தண்ணீர்ப் பீச்சலில் திரும்பி வரும் என்று எனக்கும் ஒரு ஆசை. வெந்நீரை ஆற்றி, குழலை நிரப்பி, கோட்டுக் கையை மடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பெருமையாகப் பார்த்தது அதற்கு முன்னால் இல்லை.

தனம் குழலைக் கண்டாள். வீறிட்டு, தலையை அம்மாவின் வயிற்றில் புதைத்து, இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள முன்வந்தார்கள்.

அப்போதுதான் கை நின்றது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. செவிப்பறை முழுசாக இருக்கிறதா, குச்சி என்றைக்காவது அதைத் துளைத்திருக்கிறதா, தெரியாது. தெரியாத இடத்தில், இறுகிக் கிடக்கிற குறும்பி மேல், துள்ளுகிற பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரைப் பீச்சினால், பாதி அடைப்போடு பாதி காதும் போகலாம். அடைப்பால் கேட்காத பிள்ளையை நிஜமாகவே செவிடாக்கிக் கொழும்பு வண்டியில் ஏற்றிவிட்ட பெருமை எனக்கு வந்து சேரும்.

குழலை மேசையில் வைத்தேன்.

“இன்னைக்கு வேணாம். மொதல்ல இளக வைக்கணும்.”

கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவன், “பயந்துட்டாரு,” என்றான். உண்மையைத்தான் சொன்னான். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்பதை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களோ என்னவோ, நான் சொல்லி வைக்கிறேன்.

அஞ்சலை கேட்டாள். “ஊசி வேணாம், குச்சி வேணாம், குழலும் வேணாம். வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?”

“தேங்காய் எண்ண. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால, ஒன் மடியில படுக்கப் போட்டு, ரெண்டு மூணு சொட்டு.”

“எண்ண ஊத்தச் சொல்றதுக்கா டவுன்ல படிச்சீங்க?”

“ஆமா. காதுக்குள்ள எதையும் விடாதன்னு சொல்றதுக்கும்.”

அவள் கண் என் சட்டைப் பையில் போய் நின்றது. பையிலிருந்து ஒரு தீக்குச்சி தலை நீட்டிக்கொண்டிருந்தது. மருந்துத் தலை இல்லை, அடுத்த முனை. முனையில் மஞ்சளாக, மறுக்க முடியாதபடி, என் சொந்தக் குறும்பி.

“அது என்னாங்க டொக்டரையா?”

டிஸ்பென்சரி முழுக்க என் பையைப் பார்த்தது.  குச்சியை எடுத்து இரண்டாக முறித்துக் குப்பையில் போட்டேன். “இனிமே எனக்கும் எண்ணதான்,” என்றேன். அஞ்சலை சிரித்துவிட்டாள். ஊசி தொலைந்த நாளிலிருந்து அவள் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெரிய படிப்பால் அவளை வசப்படுத்தினேன் என்று எழுதத்தான் ஆசை. கையும் களவுமாகப் பிடிபட்டதால்தான் நம்பினாள்.

செய்து காட்டினேன். அங்கேயும் ஒரு கூத்து. மார்கழிக் குளிரில் எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெய் போத்தலில் மெழுகாக உறைந்து நிற்கும். பெண்கள் அதைத் தோண்டி எடுப்பதும் கொண்டை ஊசியால்தான், அது வேறு விஷயம். நான் ஒரு கரண்டியில் கட்டியைப் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். “சூட்டை எப்பவும் மணிக்கட்டுல விட்டுப் பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டில் விட்டேன். அந்தத் தழும்பை இன்றும் காட்டுவேன். அஞ்சலை கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, புது எண்ணெய் எடுத்து, கரண்டியை நெருப்பில் வைக்காமல் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கி இளக்கினாள். தன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, “சூடும் இல்ல, குளிரும் இல்ல. இதானே?” என்றாள். அதேதான்.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மடலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஓரமாகச் சொட்டு விட்டு, ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு துணி மேல் அந்தக் காதைக் கவிழ்த்து, தானாக வடிவதை வடியவிட வேண்டும். வெளியே வந்ததைத் துணி முனையால் துடைக்கலாம். விரல் போகாத இடத்துக்கு எதுவும் போகக் கூடாது. வலி என்றால், ரத்தம், சீழ், காய்ச்சல் என்றால் உடனே நிறுத்திவிட்டு என்னிடம் வர வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். மடி அதேதான், பாட்டும் அதேதான். கையில் இருந்ததை மட்டும் மாற்றினோம்.

சில நாள் போயிற்று. கொழும்பு அம்மா வரும் நாள் நெருங்கிற்று. ஒரு காலை அஞ்சலை பெரட்டுக்குப் போகிற வழியில் கூடையோடு உள்ளே நுழைந்தாள். கூடவே தனம். வாசலில் வாத்தியார்.

“கத்துனாலாச்சும் திரும்புவா. இப்ப அதும் இல்ல. ஒங்க எண்ண அதையும் கெடுத்துருச்சு.”

வாத்தியார் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “பறவாயில்லை, டிஸ்பென்சர். நீர் முயற்சி செய்தனீர். அந்த அம்மா வரட்டும்,” என்றார்.

 பீச்சாங்குழல் மறுபடி அலமாரியிலிருந்து என்னைப் பார்த்தது. முதலில் பார், பிறகு பயப்படு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டார்ச்சை எடுத்தேன். மடலை இழுத்தேன், வலி இல்லை. சீழ் இல்லை, வாடை இல்லை, சூடு இல்லை. கறுப்புக் கதவு இப்போது பழுப்பாக, ஊறிய ரொட்டி மாதிரி உப்பி, இருந்த கொஞ்ச இடுக்கையும் அடைத்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போகவில்லை. ஊறியிருக்கிறது. ஊறினால் உப்பும், உப்பினால் இன்னும் அடைக்கும், பிறகுதான் நழுவும்.

“அஞ்சலை, இது நல்ல சகுனம்,” என்றேன்.

“நல்ல சகுனம் இப்புடியா இருக்கும்?”

“விடாம ஊத்து. குச்சி மட்டும் வேணாம். கெஞ்சிக் கேக்குறேன்.”

அவள் என்னையும் பார்த்தாள், என் சட்டைப் பையையும் பார்த்தாள். பை காலியாக இருந்தது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள். அன்று நான் கலந்த இருமல் மருந்தை எல்லாம் இரண்டு தடவை சரிபார்த்தேன். நான் நினைத்தது தப்பென்றால், அஞ்சலையின் மடி காலியாகும். அது நான் கொடுத்த எண்ணெயால்தான் என்று அவள் சாகிறவரை நினைப்பாள். அவள் நினைப்பதும் சரியாகத்தான் இருக்கும்.

கொழும்பு அம்மா வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை. கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்துக்குப் போயிருந்த பெண்கள் கூட்டமாக டிஸ்பென்சரிப் படியேறி வந்தார்கள். முன்னால் தனத்தோடு அஞ்சலை. கையில் ஒரு தேயிலை இலை, தாம்பூலம் மாதிரி ஏந்தியபடி. இலையில் அவரைக் கொட்டை அளவில், எண்ணெய் பளபளக்க, ஒரு குறும்பிக் கட்டி.

“துணியில கவுத்தேன். பொத்துனு விழுந்துருச்சு. நான் ஒண்ணும் நோண்டல, இவளுகளக் கேளுங்க.”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சாட்சி சொன்னார்கள். அவரவர் பிள்ளை காதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி அங்கேயே வரிசை நின்றது. சந்தோஷத்தில் நான் டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து என் கண்ணிலேயே அடித்துக்கொண்டேன். தனத்தின் இடது காதில் வழி திறந்திருந்தது. உள்ளே தூரத்தில், முத்துச் சிப்பி உள்பக்கம் மாதிரி சாம்பல் வெள்ளையாக, முழுசாக, செவிப்பறை. துளை இல்லை. என் வாழ்க்கையில் அதைவிட அழகான பொருளை நான் பார்த்ததில்லை. என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

அடுத்த காதில் இன்னும் கதவு இருந்தது. அந்த அடைப்பு சில நாள் கழித்துத் தானாக வந்தது. இரண்டு காதையும் டிக்கோயா டொக்டரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவரிடமிருந்து அது பதக்கம்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு எண்ணெய் போத்தலோடு எல்லாக் காதுக்கும் ஓடாதீர்கள். ஒழுகுகிற காதுக்கும், வலிக்கிற காதுக்கும், ஓட்டை இருக்குமோ என்று சந்தேகம் வருகிற காதுக்கும் எண்ணெய் கிடையாது, ஆஸ்பத்திரிதான். பிள்ளை காம்பராவில் ஆயாக்கள் வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்களே, அங்கே ஒரு குட்டி காதுக்குள் பயறு போட்டுக்கொள்ளும். அதற்கும் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், ஊறிப் பருத்துவிடும். அப்படியே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குறும்பி இருக்கிறதே என்பதற்காகவும் எதுவும் செய்யாதீர்கள். அது காதுக்குக் காவல். தொந்தரவு தராத காவற்காரனை யாரும் வேலையிலிருந்து நீக்குவதில்லை.

மறுநாள் நான் தோட்டத்தின் மேல் பிரிவில் காய்ச்சல்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கொழும்பு அம்மா வந்த கார் பள்ளிக்கூட வாசலில் நிற்பது தெரிந்தது. வேலையை முடிக்காமல் கிளம்ப முடியவில்லை. முடித்துவிட்டு, கோட்டு பறக்க, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்கினேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். எதிரே அந்தக் கார் ஹட்டன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் அந்த அம்மா மட்டும், மடியில் யாரோ கொடுத்த தேயிலைப் பொட்டலம். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்தில் ஒரே திருவிழா. வேலை விட்ட பெண்கள் கூடையோடு ஜன்னலில் தொங்கினார்கள். வாத்தியார் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, சாதாரணக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தனலெட்சுமி.”

“இருக்கேன், சேர்.”

“தனலெட்சுமி.”

“இருக்கேன், சேர்.”

அந்த அம்மாவுக்குக் காட்டுவதற்காகத் தொடங்கினாராம். அவர் போன பிறகும் நிறுத்தவில்லை. மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கேளும், டிஸ்பென்சர், கேளும்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டார். பிள்ளை மறுபடி பதில் சொன்னது. ஜன்னலில் தொங்கியவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்தார்கள். அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முடியில் சணலைக் காணோம். கொண்டையில் நான் வாங்கிக் கொடுத்த பித்தளை ஊசி. அதற்குப் பிறகு அது அந்தக் கொண்டையை விட்டு எந்தக் காதுக்கும் இறங்கியதாக எனக்குத் தகவல் இல்லை.

“கொண்டை ஊசி டொக்டர் வந்துட்டாரு,” என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பட்டம் முதன்முதலாக என் காதுக்கு இனிமையாக இருந்தது. கூட்டம் வழிவிட்டது. சேறு பூசிய கோட்டோடு, மூச்சு வாங்க, பிள்ளையின் முன்னால் போய் மண்டியிட்டேன். இத்தனை நாள் கழித்து என் குரலை அவள் கேட்கப் போகிறாள். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.  இருந்த மகிழ்ச்சியையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து, அவள் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன்:

“தனம், நான் பேசுறது கேக்குதா?”

தனம் கையால் காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தாள்.

“எதுக்குக் கத்துறீங்க?”